1974 தை 10: குழப்பம் எங்கிருந்து வந்தது?



தை மாதம் ஒலிபரப்பான வரலாற்று உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். வானொலியில் நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

அன்று உரை முடிந்ததும் இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்தன. முதலாவது, இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. "ஐயா, பொலிஸ் கொன்றது எண்டு சொல்லுறீங்கள். வயர் அறுந்து விழுந்து கரண்ட் அடிச்சுத்தானே ஆக்கள் செத்தவை? அது அக்சிடன்ற் தானே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குதர்க்கம் இல்லை. எங்கோ வாசித்துவிட்டு விளங்கிக்கொள்ளக் கேட்கிறார். அவர் வைத்த கையோடு ஓர் அம்மா எடுத்தார். "அந்தப் பெடியனுக்குச் சொல்லுங்கோ, பொலிஸ் சுட்டுத்தான் அவ்வளவு பேரும் செத்தவை. எங்களுக்குத் தெரியாதே?" என்றார். குரலில் கோபம் இருந்தது.

இருவர் சொன்னதும் நடந்ததற்குப் பொருந்தவில்லை என்பதுதான் என் எண்ணம். இறந்தவர்களில் பெரும்பாலானோர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். அதனால் அது விபத்தாகிவிடாது. இந்த இரண்டு வசனங்களையும் ஒன்றாக வைத்துச் சொல்லத் தெரியாமல்தான் ஐம்பது வருடமாக நாங்கள் ஒன்றில் கூட்டிச் சொல்கிறோம், அல்லது மற்றவர் குறைத்துச் சொல்வதைக் கேட்டு வாயடைத்து நிற்கிறோம்.

இதைச் சின்னத் திருத்தம் என்று நினைக்க வேண்டாம். எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்ப விசாரணையில் இருந்தவர்கள். முதல் விசாரணையில் ஒரு திகதி, மேன்முறையீட்டில் இன்னொரு திகதி என்று மாறிச் சொன்னதற்காக, பட்ட அடி முழுவதையும் நம்பமுடியாது என்று எழுதி அனுப்பியதைக் கண்டிருக்கிறோம். ஒரு விபரம் பிழைத்தால் முழுக்கதையும் பொய் என்று தள்ளுவதற்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதை எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஊரின் வரலாற்றுக்கும் அதே கதிதான்.

சரி, அந்த வாரத்துக்கு வருவோம்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடெல்லியில் தொடங்கப்பட்டது. அதன் பின்னால் நின்ற முக்கியமான மனிதர் நெடுந்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட தனிநாயகம் அடிகளார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968இல் சென்னையிலும், மூன்றாவது 1970இல் பாரிசிலும் நடந்தன. நான்காவது இலங்கைக்கு வந்தது. எங்கே நடத்துவது என்பதில் இழுபறி. கொழும்பில் நடத்தவேண்டும் என்பது அரசாங்கத்தின் விருப்பம். யாழ்ப்பாணத்தில்தான் நடத்தவேண்டும் என்று பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிலான குழு உறுதியாக நின்றது. 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்து, பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, சனம் மனம் நொந்திருந்த காலம். வெளிநாட்டு அறிஞர்கள் எங்கள் ஊருக்கு வந்து எங்கள் மொழியைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்பதே பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

1974 ஜனவரி 3ஆம் திகதி மாநாடு தொடங்கியது. வரவேற்பு வளைவுகளும் தோரணங்களும் வாழையும் கட்டி நகரத்தையே கல்யாண வீடாக்கினார்கள். ஊர்ப் பக்கமிருந்து அலங்கார ஊர்திகள் வந்தன. ஆய்வரங்குகள் 9ஆம் திகதியோடு முடிந்துவிட, 10ஆம் திகதி மாலை பொதுமக்களுக்கான நிறைவுக் கூட்டம். ஆராய்ச்சிக் கட்டுரை விளங்காத சனத்துக்கும் மாநாட்டில் ஒரு பங்கு வேண்டும் அல்லவா? அதற்கான மாலைதான் அது. கைக்குழந்தையோடு வந்தவர்கள், தோட்டம் துரவை முடித்துவிட்டுச் சைக்கிளில் வந்தவர்கள் என்று பல்லாயிரம் பேர்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பொலிசைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அன்று இரவு நடந்தது வானத்திலிருந்து விழுந்த இடி மாதிரித் தோன்றும்.

இலங்கைப் பொலிசின் அடிப்படைச் சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அடுத்த வருடம் பம்பாய் மாகாணத்திலிருந்து ஜோர்ஜ் கம்பல் என்ற அதிகாரியைக் கொண்டுவந்து பொலிசுக்குத் தலைவராக வைத்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்து நகரங்களின் பொலிஸ் அந்தந்த நகரசபைக் குழுவுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. இலங்கையில் அப்படியல்ல. கொழும்பில் ஒரு தலைமை. அங்கிருந்து மாகாணங்களுக்கு ஆள் அனுப்புவது. யாழ்ப்பாணத்துக்கு மாநகரசபை வந்தபிறகும் குப்பை அள்ளுவதும் சந்தை நடத்துவதும் மாநகர முதல்வரின் வேலை. பொலிசுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

கிராமங்களில் ஒழுங்கைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். மணியகாரர், உடையார், விதானையார் என்ற வரிசை. விதானையார் எல்லோருக்கும் நல்லவராக இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். சாதிக்கும் காணிக்கும் துணைபோன விதானைமார் கதைகள் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆனால் அவர் யார், யாருடைய மகன், எந்த வீட்டில் கோபித்துக்கொண்டால் எந்த வீட்டில் சமாதானமாவார் என்பது சனத்துக்குத் தெரியும். அவருக்கும் சனத்தைத் தெரியும். 1963இல் அந்த முறை மாறிக் கிராமசேவகர் வந்தார். அவர் கையில் பதிவுப் புத்தகம் இருந்ததே தவிர, பழைய விதானையாரின் பிடி இல்லை. ஒழுங்கு என்ற விடயம் முழுதாகப் பொலிஸ் நிலையத்தின் கைக்குப் போனது.

அந்தக் கை எந்த மொழி பேசியது? 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின், தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, விளங்காத தாளில் கையொப்பம் வாங்கும் வழக்கம் பரவியது. எங்களில் ஒரு தலைமுறை முழுவதும் தாங்கள் வாசிக்கமுடியாத முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தவர்கள்தான்.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் தொடங்கியபோதும் முதல் நாளே பொலிசார் பொல்லைத் தூக்கினார்கள். ஆனாலும் சனம் எழும்பவில்லை. கச்சேரி வாசலை மறித்துக்கொண்டு ஏப்ரல் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தார்கள். கடைசியில் அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தைக் கொண்டுவந்துதான் அகற்றினார்கள். கவனியுங்கள்: அது தெரிந்தே சட்டத்தை மீறிய கூட்டம். அரச அலுவலகத்தை இயங்கவிடாமல் மறித்த கூட்டம். 1974இல் கூடியது சட்டத்தை மீற வந்த கூட்டமே அல்ல, பேச்சுக் கேட்க வந்த கூட்டம். அதற்குக் கிடைத்தது இதைவிடக் கொடியது.

10ஆம் திகதி மாலைக் கூட்டம் திறந்தவெளி அரங்கில் நடப்பதாக இருந்தது. அரங்கின் கதவு திறக்கப்படவில்லை. ஆகவே வீரசிங்கம் மண்டபத்துக்கு மாற்றினார்கள். மண்டபமோ வந்த சனத்தில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. மேடையை மண்டபத்தின் முகப்புக்குக் கொண்டுவர, சனம் எதிரே புல்வெளியிலும், மண்டபத்துக்கும் முற்றவெளிக்கும் இடையே போகும் வீதியிலும் நிலத்தில் இருந்துவிட்டது. நின்ற கூட்டமல்ல, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்த கூட்டம். ஆத்திரத்தோடு வந்தவன் நிலத்தில் இருக்கமாட்டான் என்பது ஊரில் திருவிழாக் கண்ட எவருக்கும் தெரியும்.

வீதியில் சனம் இருந்தது உண்மை. பொலிஸ் வாகனம் ஒன்று அந்த வழியால் போகவேண்டும் என்று வந்ததும், வேறு வழியால் போகும்படி தொண்டர்கள் கேட்டுக்கொண்டதும் உண்மை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த இரா. ஜனார்த்தனன் மேடையில் பேசிவிடுவார் என்ற பதற்றம் பொலிசுக்கு இருந்தது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் இரவு எட்டரை மணியளவில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் அவரல்ல. திருச்சியிலிருந்து வந்த பேராசிரியர் நைனா முகமது. நல்ல பேச்சாளர். சனம் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

அப்போதுதான் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சந்திரசேகர தலைமையில் கலகம் அடக்கும் பொலிசார் லொறியில் வந்து இறங்கினார்கள். கலைந்துபோகும்படி கட்டளை. அடுத்து பொல்லடி, கண்ணீர்ப்புகை, வேட்டுச் சத்தம். மேல்நோக்கிச் சுட்டபோது மின்கம்பி அறுந்து சனத்தின்மேல் விழுந்தது. இறந்தவர்கள் ஒன்பது பேர் என்று எழுதுபவர்களும் உண்டு, பதினொருவர் என்று எழுதுபவர்களும் உண்டு. காயப்பட்டவர்கள் ஐம்பதுக்கு மேல்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் சட்டவிரோதக் கூட்டம் என்றால் ஐந்து பேரோ அதற்கு மேலோ, சட்டம் தடுத்த ஒரு பொது நோக்கத்தோடு கூடுவது. எண்ணிக்கை மட்டும் போதாது, நோக்கம் வேண்டும். தமிழைப் பற்றிப் பேச்சுக் கேட்பது அந்த நோக்கங்களுக்குள் வராது. வீதியை மறித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அது போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் விசிலோடு தீர்க்கக்கூடிய பிரச்சினை. திருவிழாக் காலத்தில் நல்லூரில் வருடாவருடம் வீதியை மறிக்கிறோம். மாற்றுப் பாதை போட்டுவிட்டு எல்லோரும் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

கலைக்கத்தான் வேண்டும் என்று ஓர் அதிகாரி முடிவெடுத்தாலும், எப்படிக் கலைப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சனம் கேட்கும் மொழியில், கேட்கும் சத்தத்தில் சொல்லவேண்டும். மேடையில் ஒலிபெருக்கி இருக்கிறது, அதில் வித்தியானந்தன் போன்ற, சனம் மதிக்கிற ஒருவரைக்கொண்டு சொல்லுவிக்கலாம். எழும்பிப் போக நேரம் கொடுக்கவேண்டும். எந்தப் பக்கத்தால் போவது என்று ஒரு வழி விடவேண்டும். இரவு நேரம், நிலத்தில் நெருக்கமாக இருக்கிற பல்லாயிரம் பேர், மடியில் பிள்ளைகள். இவர்களுக்குள் கண்ணீர்ப்புகையை விட்டால் என்ன நடக்கும் என்பதை அறியப் பொலிஸ் பயிற்சி தேவையில்லை. கண் எரிகிறவனுக்கு நிலத்தில் கிடக்கும் கம்பி தெரியாது. தெரிந்தாலும் பின்னால் ஓடிவருகிற சனம் அவனை நிற்கவிடாது. மின்விளக்குத் தூண்கள் நிற்கிற நகர நடுவில் மேல்நோக்கிச் சுடுவது பாதுகாப்பான சுடுதல் என்று யார் சொல்வது?

ஆகவே கடைசியாக நடந்ததை மட்டும் பார்த்தால் கம்பி கொன்றது. அதற்கு முன்னால் போய்ப் பார்த்தால், சுடாவிட்டால் கம்பி அறுந்திருக்காது. சனத்தின்மேல் பாயாவிட்டால் சுட ஒரு சாட்டே இருந்திருக்காது. கலகம் அடக்கும் படை வராவிட்டால் பேராசிரியர் பேசி முடித்திருப்பார், சனம் கச்சான் கொறித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். கலகத்தை அடக்கவென்று ஒரு படை வந்து இறங்கும்வரை அங்கே கலகமே இருக்கவில்லை. இதைத்தான் நான் கொலை என்கிறேன். "சுட்டுக் கொன்றார்கள்" என்று சொல்லத் தேவையில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாலே போதும், அது அதைவிடப் பாரமாக இருக்கிறது.

இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளங்க ஓர் உதாரணம் சொல்கிறேன். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரில் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் ஃபொறஸ்ற்றுக்கும் இடையே கிண்ண அரையிறுதி. வாசலில் நெருக்கம் கூட, பொலிஸ் பொறுப்பதிகாரி ஒரு வெளிவாசலைத் திறக்கச் சொன்னார். சனம் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக்கூண்டுகளுக்குள் போய் நசிந்தது. 97 பேர் இறந்தார்கள். ரசிகர்களே வாசலை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பொலிஸ் பொய் சொன்னது. 1991இல் மரண விசாரணை "தற்செயல் மரணம்" என்றது. குடும்பங்கள் விடவில்லை. 2012இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, 2016 ஏப்ரலில் புதிய மரண விசாரணையின் யூரிமார் "சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர்" என்றார்கள். அங்கே எந்தப் பொலிஸ்காரனும் ஒரு வேட்டும் சுடவில்லை. சாவுச் சான்றிதழில் நெரிசல் என்றுதான் இருக்கும். ஆனால் நெரிசலுக்கு முந்திய நிமிடங்களில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்டபோதுதான் பதில் மாறியது. லிவர்பூல் குடும்பங்களுக்கு இருபத்தேழு வருடம் எடுத்தது. அவர்களுக்கென்றால் கடைசியில் ஒரு நீதிமன்றம் இருந்தது.

எங்களுக்கு என்ன இருந்தது? பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பொலிசின் பக்கம் நின்றது. விசாரணை ஆணைக்குழு வைக்கமாட்டோம் என்றது. 1971 கிளர்ச்சிக்காலத்தில் தொடங்கிய அவசரகாலச் சட்டம் அப்போதும் எடுபடாமல் இருந்தது. நான்காவது வருடமாக அந்தச் சட்டத்தின் கீழ் வேலைசெய்த பொலிசுக்குக் கணக்குக் கேட்பார் இல்லை என்ற பழக்கம் ஊறியிருக்கும்.

அரசாங்கம் மறுத்ததை நகரம் தானே செய்தது. இந்தப் பகுதியைத்தான் எங்கள் நினைவுகூரல்களில் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். எனக்கோ இதுதான் முழு வரலாற்றிலும் மிகப் பெறுமதியான இடம். யாழ்ப்பாணப் பிரஜைகள் குழு மூன்று பேரைக் கொண்ட ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இளைப்பாறிய உச்ச நீதிமன்ற நீதியரசர் ஓ. எல். டி கிறெற்சர், இன்னொரு இளைப்பாறிய உச்ச நீதிமன்ற நீதியரசர் வி. மாணிக்கவாசகர், தென்னிந்தியத் திருச்சபையின் முன்னாள் பேராயர் சபாபதி குலேந்திரன். டி கிறெற்சர் பறங்கிச் சமூகத்தவர். எங்கள் ஆட்களே எங்களுக்குச் சார்பாக எழுதிவிட்டார்கள் என்று ஒருவரும் சொல்லமுடியாதபடி ஆட்களைத் தெரிந்தெடுத்ததில் ஒரு புத்தி இருக்கிறது.

அவர்களுக்குச் சாட்சிக்கு அழைப்பாணை அனுப்ப அதிகாரம் இல்லை. ஒருவரைத் தண்டிக்க அதிகாரம் இல்லை. இருந்தது நீதிமன்றத்தில் ஆயுள் முழுவதும் சாட்சிகளை நிறுத்துப் பார்த்த பழக்கம் ஒன்றுதான். அதை வைத்துச் சாட்சியங்களைக் கேட்டு, அறிக்கை எழுதினார்கள். ஆயுதமில்லாத குடிமக்கள்மேல் பொலிசார் வன்முறையாகவும் தேவையில்லாமலும் தாக்குதல் நடத்தினார்கள் என்றும், ஒழுங்கைக் காக்கவேண்டியவர்களிடம் எதிர்பார்க்கும் நிதானம் அவர்களிடம் இருக்கவில்லை என்றும் கண்டார்கள். சத்தமில்லாத, நீதிமன்ற மொழி. கொலைகாரர் என்றோ இனவெறியர் என்றோ வசைபாடவில்லை. வசைபாடாததால்தான் அந்த அறிக்கையை எவராலும் உதறித்தள்ள முடியவில்லை, இன்றும் யார் எழுதினாலும் அதையே எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் அதன்பேரில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அதிலிருந்துதான் அடுத்த அத்தியாயம் தொடங்கியது.

கோபம் பொலிசைத் தாண்டி மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் மேலும் திரும்பியது. ஆளுங்கட்சிக்காரர், மாநாட்டுக்கு ஒத்துழைக்காதவர் என்ற மனக்குறை நகரத்தில் ஏற்கெனவே இருந்தது. பொலிசுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை என்று முன்னே சொன்னேன். அந்த அதிகாரம் கொழும்பில் இருந்தது, கொழும்பு எட்டாது. எட்டக்கூடிய தூரத்தில் இருந்தவர் துரையப்பா. 1975 ஜூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயில் வாசலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சந்திரசேகரவைக் கொல்ல முயன்றவர் என்று அறியப்பட்ட உரும்பிராய் பொன். சிவகுமாரன் 1974 ஜூன் 5ஆம் திகதி பொலிசாரிடம் அகப்பட்ட நிலையில் சயனைட் அருந்தி இறந்திருந்தார். மூன்று பெரியவர்கள் காகிதத்தில் எழுதிய தீர்ப்பை நிறைவேற்ற நாட்டில் ஒருவரும் இல்லாதபோது, பெடியன்கள் வேறொரு தீர்ப்பை எழுதப் புறப்பட்டார்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கும். அந்த வருடங்களில் எங்கள் இளைஞர்களின் வேட்டுக்கு இலக்கானவர்களில் தமிழ்ப் பொலிஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 1978 ஏப்ரல் 7ஆம் திகதி கொல்லப்பட்ட இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை பெயர் தெரிந்த ஒருவர். அவர்களில் சிலர் பிடித்தவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் விளைவையும் பார்க்கவேண்டும். நகரத்தின் மொழி தெரிந்த ஆட்கள் படிப்படியாக இல்லாமற்போக, மிஞ்சியது ஊரைத் தெரியாத, ஊருக்குப் பயந்த ஒரு படை. பயந்தவன் கையில் துவக்கு இருப்பது எப்படியிருக்கும் என்பதைச் சனம் விரைவில் கண்டது.

1977 ஓகஸ்ட் நடுப்பகுதி. ஜே. ஆர். ஜெயவர்த்தனா அரசாங்கம் வந்து ஒரு மாதமும் இல்லை. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் கார்னிவல். சீருடையில்லாமல் வந்த பொலிசார் ரிக்கற் எடுக்காமல் உள்ளே போக முயன்றதில் கைகலப்பு. ஒரு ரிக்கற் காசு! அதற்குப் பழிவாங்கவென்று பொலிசார் நகருக்குள் இறங்க, 16ஆம் திகதி சந்தைக் கடைகள் எரிந்தன. சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் இதை நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னார். அதற்குள் யாழ்ப்பாணத்தில் சிங்களவரைக் கொல்கிறார்கள் என்ற பொய்க்கதை தெற்கெங்கும் பரவி, நாடு முழுவதும் தமிழருக்கு அடி விழுந்தது. முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் இந்தத் தடவை அரசாங்கமே ஆணைக்குழு வைத்தது. 1980இல் வெளிவந்த அறிக்கை, தனிநாடு கேட்ட கூட்டணியின் பேச்சுகளில் பெரும் பழியைப் போட்டது என்ற கண்டனத்துக்கு உள்ளானது.

1981 மே 31ஆம் திகதி நாச்சிமார் கோயிலடியில் கூட்டணியின் தேர்தல் கூட்டத்தில் கடமையில் நின்ற பொலிசார் சுடப்பட்டார்கள். இறந்த பொலிசாரில் ஒருவர் தமிழர். அதையும் நாங்கள் சொல்லுவதில்லை. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவந்து குவித்த பொலிசார் அன்றிரவே வெளிக்கிட்டார்கள். சந்தைக் கடைகள், கூட்டணி அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம், அதோடு 97,000 புத்தகங்களுடன் பொது நூலகம். இம்முறை சுயாதீனமான விசாரணையே நடக்கவில்லை. நூலகத்தைப் பற்றி இந்த மடலில் முன்பும் எழுதியிருக்கிறார்கள், ஆகவே நீட்டவில்லை. வீரசிங்கம் மண்டபத்திலிருந்து நூலகம் கூப்பிடு தூரம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1974இன் இடம் தெரியும். 1981இல் பொலிசார் கட்டுப்பாட்டை மீறினார்கள் என்று சமாதானம் சொல்ல முயன்றார்கள். 1977இல் கார்னிவல் சண்டை என்றார்கள். 1974இல் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பொலிசுக்கும் அடி விழவில்லை, கடை எரியவில்லை. கட்டளைப்படி, அதிகாரி முன்னிற்க, சீருடையோடு செய்த வேலை அது. அதைச் செய்துவிட்டு ஒன்றும் நடக்காமல் வீட்டுக்குப் போகலாம் என்பதை அந்த இரவு ஒரு முழுப் படைக்கும் படிப்பித்தது.

முற்றவெளியில் இறந்தவர்களுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. வருடாவருடம் தை 10ஆம் திகதி அங்கே விளக்கேற்றுகிறார்கள். 1974இல் இருபது வயதில் அந்தப் புல்வெளியில் இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. எங்கள் நேயர்களுக்குள்ளும் அப்படிச் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நிலையத்துக்கு ஒருமுறை எடுங்கள். வசதியான நாளில் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கே வருகிறோம். பேச்சு ஒன்றும் ஆயத்தம் செய்ய வேண்டாம். எங்கே இருந்தீர்கள், மேடை எந்தப் பக்கம், கலையச் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, விழுந்தால் எந்த மொழியில், முதலில் கேட்டது வேட்டா புகைக்குண்டா, எந்தப் பக்கத்தால் ஓடினீர்கள், வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள். ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்றே சொல்லுங்கள், அதையும் அப்படியே பதிந்துகொள்கிறோம்.